பள்ளியில் மாணவர் நலத்திட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளும், சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவ முகாம் நடத்துகிறோம். அது போதாதா?

போதாது. முகாமில் டாக்டர் ஒரு பிள்ளையைப் பார்ப்பது இரண்டு நிமிடம். அதே பிள்ளை ஆண்டு முழுவதும் பள்ளியில் கழிப்பதோ ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல். அந்த ஆயிரம் மணி நேரம் எப்படிப் போகிறது என்பதுதான் நலத்திட்டம். தண்ணீர் குடிக்க முடிகிறதா, பயமில்லாமல் கழிப்பறைக்குப் போக முடிகிறதா, ஓடி விளையாட இடமும் நேரமும் இருக்கிறதா, மனம் சரியில்லை என்றால் சொல்வதற்கு ஒரு ஆள் இருக்கிறாரா?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மக்கள் வாழும், படிக்கும், வேலை செய்யும் இடங்களில்தான் உடல்நலம் உருவாகிறது என்று 1986-லேயே, கனடாவில் நடந்த உலக நலமேம்பாட்டு மாநாட்டின் அறிக்கையான ஒட்டாவா சாசனம் சொல்லிவிட்டது. அந்த எண்ணத்தைப் பள்ளிக்குக் கொண்டுவரும் உலகளாவிய முயற்சியை உலக சுகாதார நிறுவனம் 1995-ல் தொடங்கியது. 2000-ல் செனகல் நாட்டின் டக்கார் நகரில் நடந்த உலகக் கல்வி மாநாட்டில் நான்கு தூண்கள் கொண்ட ஒரு சட்டகம் முன்வைக்கப்பட்டது: பள்ளியின் விதிகள், பாதுகாப்பான தண்ணீரும் கழிப்பறையும், திறன் சார்ந்த நலக்கல்வி, பள்ளியிலேயே கிடைக்கும் நல, ஊட்டச்சத்துச் சேவைகள். முகாம் இதில் நான்காவது தூணில் ஒரு ஓரம், அவ்வளவுதான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

கழிப்பறையிலிருந்து. கேட்கும்போது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். யோகா, தியானம், ஊட்டச்சத்து வாரம் என்று எதையாவது எதிர்பார்த்து வந்திருப்பார்கள்.

கழிப்பறை நாறினால் பிள்ளைகள் அங்கே போகாமல் இருக்கக் கற்றுக்கொள்வார்கள். அதற்கு எளிய வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வந்தால், அது மறதி என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறைந்தால் தலைவலி, மலச்சிக்கல். அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்றும் வரும், பெண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக. பிற்பகல் வகுப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ‘கவனமில்லை’ என்று திட்டிக்கொண்டிருப்போம். காரணம் நடைவழியின் கடைசியில் பூட்டிக் கிடக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் 25 மாணவியருக்கு ஒரு கழிப்பறை என்கிறது. மாணவர்களுக்கு 50 பேருக்கு ஒரு கழிப்பறை, அதோடு சிறுநீர் கழிக்கத் தனி இடம். எண்ணிக்கையை விட முக்கியம் தாழ்ப்பாள், தண்ணீர், சோப்பு, தினமும் கழுவும் ஆள். பல பள்ளிகளில் கட்டடம் இருக்கும், தாழ்ப்பாள் இருக்காது.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. இடைவேளை முடிந்ததும் தலைமையாசிரியர் ஆசிரியர்களுக்கான கழிப்பறையை விட்டுவிட்டு மாணவர்கள் கழிப்பறைக்குப் போய்வரட்டும். ஒரு வாரம் போதும், பட்ஜெட்டில் எதை முதலில் வைப்பது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

கை கழுவும் பாடம் எல்லா வகுப்பிலும் எடுத்துவிட்டோம். அப்புறமும் ஏன் யாரும் கழுவுவதில்லை?

சோப்பு தலைமையாசிரியர் அலமாரியில் இருக்கிறதா, குழாய் பக்கத்தில் இருக்கிறதா? 20 விநாடி சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். 40 பேருக்கு இரண்டு குழாய், சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் என்றால் அந்த 20 விநாடிக்கு இடமே இல்லை. வகுப்புவாரியாக, போதிய இடைவெளியில் மணி அடித்து விட்டுப் பாருங்கள். சோப்பு காணாமல் போகிறது என்றால் சோப்புக் கரைசலை பாட்டிலில் ஊற்றிக் குழாயோடு கட்டிவிடலாம்.

பாடம் முடிக்கவே நேரம் இல்லை. விளையாட்டுக்கு எங்கே போவது?

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பி.டி. (உடற்கல்வி) பீரியட் இருக்கும். தேர்வு நெருங்கினால் அதையும் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார். மழை வந்தால் பிள்ளைகள் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

நேரம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே ஒரு வழி சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் நகரில் எலைன் வைலி என்ற தலைமையாசிரியர் 2012-ல் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். தினமும் 15 நிமிடம் வகுப்போடு வெளியே போய் ஓடலாம், நடக்கலாம், அவரவர் வேகத்தில். சீருடை மாற்ற வேண்டாம், கருவி வேண்டாம், போட்டி இல்லை. அதன் பிறகு பல நாடுகளின் பள்ளிகள் அதை எடுத்துக்கொண்டன. அதில் எனக்குப் பிடித்தது ‘போட்டி இல்லை’ என்பதுதான். நம்முடைய விளையாட்டு வகுப்பில் நன்றாக ஓடுபவன் இன்னும் ஓடுவான். குண்டாக இருப்பவன், மூச்சுத்திணறல் உள்ளவள், பந்தைக் கண்டால் ஒதுங்குபவள் எல்லாம் ஸ்கோர் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு அசைவு தேவையோ அவர்களை உட்கார வைக்கும் ஏற்பாடு அது.

இன்னொன்று. ஹோம்வொர்க் செய்யவில்லை என்று பி.டி. பீரியடைப் பிடுங்குவதும், தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதும் ஒரே தவறின் இரண்டு முகம். முதலாவது ஓட்டத்தைப் பறிக்கிறது, இரண்டாவது ஓட்டத்தின் மீதே வெறுப்பை உண்டாக்குகிறது.

கண், காது, பல் பரிசோதனை செய்தால் பயன் உண்டா?

உண்டு, அடுத்த படி தயாராக இருந்தால். கண் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் தூரம், நல்ல வெளிச்சம், சுவரில் எழுத்து அட்டை, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் படிக்கச் சொல்வது. பயிற்சி எடுத்த ஆசிரியரே செய்யலாம். விரலால் மூடச் சொல்லாதீர்கள், இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார்கள். அட்டையை வரிசையில் நிற்பவர்கள் கண்ணில் படும்படி வைத்தால் பத்தாவது பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கும்.

அதற்குப் பிறகுதான் பெரும்பாலான திட்டங்கள் படுத்துவிடுகின்றன. ‘கண் மருத்துவரைப் பார்க்கவும்’ என்று ஒரு சீட்டு பையில் போகும், அங்கேயே மக்கிவிடும். நான் பார்த்த ஒரு பள்ளியில் ஒரு மாணவனின் பையில் மூன்று ஆண்டுச் சீட்டுகளும் இருந்தன. மூன்றிலும் ஒரே குறை எழுதியிருந்தது. அவன் அதுவரை முதல் பெஞ்சு நண்பனின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதி வந்திருக்கிறான். ஆகவே பரிசோதனைக்குத் தேதி குறிக்கும் அன்றே, குறை உள்ளவர்களை யார் மருத்துவரிடம் சேர்ப்பது, கண்ணாடிக்கு யார் பணம், எந்தத் தேதிக்குள் என்று மூன்றையும் எழுதிவிடுங்கள். அதற்கு வழியில்லை என்றால் வழி பிறக்கும் வரை தேதியைத் தள்ளிப் போடலாம். கண்ணாடி வந்த பிறகும் வேலை முடியவில்லை. ‘சோடாபுட்டி’ என்று ஒருவன் சொன்னால் போதும், மறுநாள் கண்ணாடி பைக்குள் போய்விடும். வகுப்பாசிரியர் அதைக் கவனிக்க வேண்டும்.

கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடவும் பள்ளியால் முடியும். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். மருந்து எதுவும் இல்லை, பகல் வெளிச்சம் மட்டும்தான்.

காதுக்கு ஒரு குறிப்பு: சொன்னதையே திரும்பக் கேட்கும் பிள்ளை, தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக் கேட்கும் பிள்ளை, இவர்களைத் திமிர் என்று முடிவு கட்டுவதற்கு முன் காதைப் பார்க்க அனுப்புங்கள்.

பிள்ளைகளின் எடையை எடுத்து, அதிகம் என்றால் பெற்றோருக்கு எழுதி அனுப்பலாமா?

வேண்டாம் என்பேன். கலிஃபோர்னியாவில் 79 பள்ளிகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள். உடல் பருமன் அளவை வீட்டுக்கு அனுப்பியதால் யாருடைய எடையும் மாறவில்லை. தன் எடையைப் பற்றிய மனக்குறைதான் சில பிள்ளைகளிடம் கூடியது போலத் தெரிந்தது. எடை எடுக்கத்தான் வேண்டும் என்றால் திரைக்குப் பின்னால், தனித்தனியாக, எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல். ஒரு ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்ன ஒற்றை எண் பள்ளி முடியும் வரை ஒருவருக்குப் பட்டப்பெயராகிவிடும். எடை திடீரென்று குறைந்தாலும், வளர வேண்டிய வயதில் உயரம் நின்றாலும் பெற்றோரைக் கூப்பிட்டு நேரில் பேசுங்கள்.

குடற்புழு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை பாதுகாப்பானதா?

குடற்புழுவுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் அல்லது மெபெண்டசோல் 500 மில்லிகிராம், ஒரே ஒரு வேளை. புழுத்தொற்று 20 சதவீதத்துக்கு மேல் உள்ள பகுதியில் ஆண்டுக்கு ஒரு முறை, 50 சதவீதத்துக்கு மேல் என்றால் இரு முறை. நன்றாகச் சவைத்து விழுங்க வேண்டும். புழு அதிகம் உள்ள பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வயிற்றுவலி, குமட்டல் வரலாம், விரைவில் சரியாகும். அன்று உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு இன்னொரு நாள் கொடுக்கலாம்.

ரத்தசோகை பரவலாக உள்ள இடங்களில், மாதவிடாய் தொடங்கிய பெண்களுக்கு வாரம் ஒரு முறை 60 மில்லிகிராம் இரும்பும் 2.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் பரிந்துரைக்கப்படுகிறது. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். மலம் கருப்பாகப் போகும், அது மாத்திரையால் வருவது. இந்த ஒன்றை முன்கூட்டியே சொல்லாததால் எத்தனையோ வீடுகளில் மாத்திரை குப்பைக்குப் போகிறது. ஹீமோகுளோபின் 5 முதல் 11 வயதில் 11.5 கிராமுக்குக் கீழும், 12 முதல் 14 வயதில் 12 கிராமுக்குக் கீழும் இருந்தால் ரத்தசோகை. அப்போது வாராந்திர மாத்திரை போதாது, மருத்துவர் பார்க்க வேண்டும்.

கேன்டீனில் நொறுக்குத்தீனியைத் தடை செய்துவிட்டால் போதுமா?

தடை செய்யலாம், வாசலுக்கு வெளியே அதே பொட்டலம் காத்திருக்கும். தடையோடு கூட, பசியோடு வரும் பிள்ளைக்கு முதல் இடைவேளையில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். நல்லது கண்ணுக்குத் தெரியும் இடத்தில், கையில் எடுத்ததும் தின்னும்படி இருந்தால் விற்கும். முழுப் பழத்தை விட நறுக்கிய பழம் போகும். அப்புறம், சரியாகப் பதில் சொன்னால் சாக்லேட் கொடுக்கும் ஆசிரியர்களிடமும் ஒரு வார்த்தை.

மாதவிடாய் பற்றிப் பையன்களுக்கும் சொல்ல வேண்டுமா?

வேண்டும். தெரியாதவன்தான் கறையைப் பார்த்துச் சிரிப்பான். மாணவியருக்கோ, பாடம் முதல் மாதவிடாய்க்கு முன்பே வர வேண்டும். சிலருக்கு 9, 10 வயதிலேயே வந்துவிடுகிறது. எட்டாம் வகுப்பில் முதல் முறையாகச் சொல்வது ரயில் போன பிறகு டிக்கெட் எடுப்பது போல. நாப்கின் கழிப்பறையிலேயே இருக்கட்டும், மூடியுள்ள குப்பைக்கூடையும் இருக்கட்டும். ஆண் ஆசிரியரிடம் வந்து காரணம் சொல்லி வாங்கும் ஏற்பாடு இருந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். ஒவ்வொரு மாதமும் வலியால் இரண்டு நாள் விடுப்பு எடுக்கும் மாணவியை ‘எல்லோருக்கும் வருவதுதானே’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மனநலத்துக்கு என்ன செய்யலாம்? தியான வகுப்பு போதுமா?

மனநலச் சிக்கல்களில் ஏறக்குறைய பாதி 18 வயதுக்குள் தலைகாட்டத் தொடங்குகின்றன. அதனால் பள்ளிதான் சரியான இடம். ஆனால் எதைச் செய்வது என்பதில் நம் ஊகங்கள் பல பொய்த்துப் போயிருக்கின்றன.

பிரிட்டனில் 11 முதல் 14 வயது வரையுள்ள 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் மனக்குவிப்பு (மைண்ட்ஃபுல்னஸ்) என்ற தியானப் பயிற்சியைச் சோதித்தார்கள். 2022-ல் வந்த முடிவு: வழக்கமான வகுப்புகளை விடக் கூடுதல் பயன் தெரியவில்லை. பலர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. இதற்கு மாறாக, ஐரோப்பாவின் 10 நாடுகளில் 11,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், மாணவர்களே நடித்துப் பார்த்து, மன அழுத்தம், நெருக்கடி பற்றி வெளிப்படையாகப் பேசும் வகுப்புகள் நடந்த பள்ளிகளில் தற்கொலை முயற்சிகள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தன.

எனக்கு மிகவும் பயன்பட்டது மூன்றாவது ஆய்வு. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்தது, 2018-ல் வெளியானது. பள்ளிச் சூழலை மாற்றும் ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினார்கள், சிலவற்றில் அதற்கென்றே அமர்த்திய, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள். ஆலோசகர் இருந்த இடங்களில் மனச்சோர்வும் வன்முறையும் குறைந்தன, பள்ளி மீதான பிடிப்பு கூடியது. ஆசிரியர் நடத்திய இடங்களில் பெரிய மாற்றம் இல்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மதிப்பெண் போடுபவரிடமே மனதைத் திறப்பது எந்தப் பிள்ளைக்கும் கடினம். ஏற்கெனவே பத்து வேலை பார்ப்பவரிடம் பதினொன்றாவதாக இதையும் கொடுத்தால் பெயரளவில்தான் நடக்கும்.

ஆலோசகர் அறையை எங்கே வைப்பது என்பதையும் யோசியுங்கள். தலைமையாசிரியர் அறைக்கு எதிரே வைத்தால் உள்ளே போகிறவர்களை ஊரே பார்க்கும். சொன்னது வெளியே போகாது என்ற உறுதியும், எப்போது மட்டும் போகும் என்ற விளக்கமும் (உயிருக்கு ஆபத்து, யாராவது துன்புறுத்துவது) முதல் நாளே வேண்டும்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது போல ஆகாதா?

ஆகாது. அமைதியாக, நேராகக் கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை. பலருக்கு அப்போதுதான் மூச்சு வரும். ‘ஆம்’ என்று பதில் வந்தால் உபதேசம் வேண்டாம், பிள்ளையைத் தனியே விடவும் வேண்டாம். வீட்டாரையும் மனநல மருத்துவரையும் அன்றே இணைக்க வேண்டும்.

கிண்டல், வம்பு எல்லாம் வளரும் வயதில் சகஜம்தானே?

அடிபடுகிற பிள்ளைக்கு அது சகஜமாக இல்லை. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2009 முதல் நாடு முழுதும் பரவிய கீவா என்ற திட்டம், வம்பு செய்பவன், மாட்டியவன் என்ற இருவரோடு நிற்காமல் சுற்றி நின்று சிரிக்கும் கூட்டத்தைக் குறிவைத்தது. சிரிப்பு நின்றால் வம்பில் சுவை போய்விடும். இன்னொரு விஷயம், ஆசிரியர் பிரம்பு எடுக்கும் பள்ளியில் ‘யாரையும் அடிக்காதே’ வகுப்பு நடத்துவது வீண். பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதைத்தான் பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் பீரியடில் பெரிய வகுப்பு மாணவர்கள் தூங்குகிறார்கள். செல்போன்தான் காரணமா?

ஒரு பங்கு. பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் தாமதமாகச் சுரக்கிறது. ஆனால் 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அதிகாலைச் சிறப்பு வகுப்பும் இரவு டியூஷனும் அதை இரண்டு பக்கமும் அரிக்கின்றன. உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-ல் பரிந்துரைத்தது. கலிஃபோர்னியாவில் 2022 முதல் அது சட்டம். பள்ளி நேரத்தை மாற்ற நம் கையில் அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஆறு மணிச் சிறப்பு வகுப்பை நிறுத்த எந்த அதிகாரமும் தேவையில்லை.

போதைக்கு எதிராகப் போலீஸ் அதிகாரியை அழைத்துப் பேசவைக்கலாமா?

அழைக்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம். 1983-ல் லாஸ் ஏஞ்சலிஸில் போலீஸார் வகுப்பெடுக்கும் ‘டேர்’ திட்டம் தொடங்கி நாடெங்கும் பரவியது. பின்னர் ஆய்வு செய்தபோது போதைப் பழக்கத்தில் நிலைத்த மாற்றம் எதுவும் தெரியவில்லை. பாடத்தையே மாற்ற வேண்டியிருந்தது. சிதைந்த நுரையீரல் படத்தைக் காட்டினால் அன்று மதியம் வரை பயம் இருக்கும். நண்பன் நீட்டும்போது மறுத்துவிட்டு, நட்பையும் இழக்காமல் நகர்வது எப்படி என்று சொல்லிப் பழகவைப்பது அதை விடப் பயன்படும்.

ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்தில் எழுதிய திட்டம்: அறிகுறி, மருந்து, யாரைக் கூப்பிடுவது. இன்ஹேலர் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அலுவலக பீரோவில் பூட்டி வைப்பதற்கில்லை. வலிப்பு வந்தால் வாயில் எதையும் வைக்க வேண்டாம், அமுக்கிப் பிடிக்க வேண்டாம். சுற்றியுள்ள பொருள்களை நகர்த்தி, மெதுவாக ஒருபக்கமாகச் சாய்த்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். இன்சுலின் போடும் பிள்ளை வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால் உடனே 15 கிராம் அளவுக்குச் சர்க்கரை கொடுங்கள். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். தேர்வு அறைக் கண்காணிப்பாளருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

யோகா தினம், ஊட்டச்சத்து வாரம் கொண்டாடுகிறோம். கணக்கில் வருமா?

போட்டோ நன்றாக வரும்.

திட்டம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் உறுதிமொழி எடுத்தார்கள் என்பதை எண்ணாதீர்கள். வருகைப் பதிவேட்டில் விடுப்பு எந்தக் காரணத்துக்கு என்று ஒரு எழுத்துச் சேர்த்து எழுதினால் போதும்: காய்ச்சல், வயிறு, பல்வலி, மாதவிடாய், காரணம் சொல்லாதது. ஒரு பருவம் முடிந்து பார்த்தால் படம் தெரியும். கண்ணாடி கொடுத்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதை மூன்று மாதம் கழித்துப் போட்டிருக்கிறார்கள் என்று, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய் எண்ணுங்கள். மாதம் எத்தனை சோப்பு தீர்கிறது என்று கணக்கு வையுங்கள். ஆண்டுக்கு இரு முறை பெயர் எழுதாத தாளில் இரண்டு கேள்வி: ‘இந்தப் பள்ளியில் நீ போகப் பயப்படும் இடம் எது? கஷ்டம் என்றால் யாரிடம் சொல்வாய்?’ இரண்டாவதற்கு ‘யாரிடமும் இல்லை’ என்று எழுதியவர்கள் எந்த வகுப்பில் அதிகம் என்று பாருங்கள். அடுத்த வார வேலை அந்த வகுப்பில் இருக்கிறது.